விடிய விடிய வேற்றுக்கிரகம்: பாஸ்டன் 24 மணி நேர சயின்ஸ் ஃபிக்ஷன் மராத்தானுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

எல்லாப் படத்தையும் பார்த்துவிட வேண்டும் என்ற சபதத்தோடு போகாதீர்கள். அப்படிப் போகிறவர்கள் இரவு இரண்டு மணிக்குக் கண் சொக்கி, நான்கு மணிக்கு வாய் பிளந்து, காலையில் பார்த்த படத்தையும் மறந்து வெளியே வருகிறார்கள். எந்தப் படத்தில் தூங்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் மறுநாள் மதியம் தெளிவான முகத்தோடு வாசலில் நிற்பார்கள். கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒன்றை வைத்துத்தான்.

பிப்ரவரி மூன்றாவது திங்கட்கிழமை அமெரிக்காவில் பிரசிடென்ட்ஸ் டே விடுமுறை. அதற்கு முந்தைய ஞாயிறு நண்பகல் 12 மணிக்குத் தொடங்கி, திங்கள் நண்பகல் 12 மணி வரை நிறுத்தாமல் படம் ஓட்டுவதுதான் இந்த மராத்தான். 1976-இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்சன் வெல்ஸ் சினிமா என்ற தியேட்டரில் ஆரம்பித்தது. அந்த தியேட்டர் 1986 மே மாதம் தீப்பிடித்து மூடப்பட்டது. மராத்தான் மட்டும் நிற்கவில்லை. வேறு வேறு தியேட்டர்களில் குடியிருந்துவிட்டு, பாஸ்டனை ஒட்டிய சாமர்வில் ஊரின் டேவிஸ் சதுக்கத்தில் உள்ள சாமர்வில் தியேட்டருக்கு வந்து சேர்ந்தது. இப்போது அது பல நாள் நடக்கும் ஒரு திரைப்பட விழாவின் கடைசி நிகழ்ச்சி. விழாவில் புதுப் படங்கள், குறும்படங்கள் எல்லாம் உண்டு. ஆனால் ஊரே பேசுவது இந்தக் கடைசி 24 மணி நேரத்தைத்தான்.

வைகுண்ட ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் நம்மூர் தியேட்டர்களில் விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்களே, அதில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தெரியாது. அங்கே கண்விழித்தால் புண்ணியம் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சாக்கும் கிடையாது.

படி 1: ஆள் சேர்ப்பது

தனியாகவும் போகலாம், போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல்முறை என்றால் மூன்று முதல் ஐந்து பேர் வரை இருப்பது நல்லது. ஒருவர் சாப்பாடு வாங்கப் போக, ஒருவர் தூங்க, மிச்சமிருப்பவர் சீட்டையும் பையையும் பார்த்துக்கொள்ள, குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஆறு பேருக்கு மேல் போனால் சேர்ந்தாற்போல் சீட் கிடைப்பதே பெரும்பாடு. இடைவேளையில் ஒருவரை ஒருவர் தேடியே நேரம் போய்விடும்.

எல்லோரும் சயின்ஸ் ஃபிக்ஷன் பைத்தியமாக இருக்க வேண்டியதில்லை. ரப்பர் உடையணிந்த ராட்சசன் பொம்மைக் கட்டடத்தை மிதிக்கும்போது, “என்னடா இது!” என்று வாய்விட்டுச் சிரிக்கிற ஒருவர் கூட்டத்தில் இருந்தால் இரவு சுலபமாகக் கழியும். படம் முழுக்க அறிவியல் பிழைகளைக் காதோரம் எடுத்துச் சொல்கிறவரை வரிசையின் ஓரத்தில் உட்கார வையுங்கள்.

கிளம்பும் முன் எல்லோரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. யாராவது நடுவில் கிளம்ப நினைத்தால் தடுக்கக் கூடாது. “இன்னும் ஒரே ஒரு படம் மச்சான், இருடா” என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்த நண்பர் அதற்கப்புறம் எந்தப் படத்தையும் ரசித்ததாக வரலாறு இல்லை.

படி 2: டிக்கெட்டும் போய்ச் சேர்வதும்

டிக்கெட்டை விழாவின் இணையதளத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். தேதி, இடம், படப் பட்டியல் எல்லாம் அங்கேதான் வரும். சில படங்களைக் கடைசி நேரம் வரை சொல்லாமல் வைப்பதும் உண்டு. நடுவில் வெளியே போய்வர அனுமதி எப்படி, வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா, தரையில் போர்வை விரிக்கலாமா என்ற மூன்று கேள்விக்கும் அந்த வருட விதியைப் படித்துக்கொள்ளுங்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பி ஒரு பாத்திரம் புளியோதரையோடு வாசலில் நிற்க வேண்டாம்.

காரில் போகாதீர்கள். ரெட் லைன் ரயிலில் டேவிஸ் நிலையத்தில் இறங்கினால் தியேட்டர் நடந்துபோகிற தூரம்கூட இல்லை, எதிரிலேயே இருக்கிறது. வெளியூரிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் லோகன் விமான நிலையத்திலிருந்து சில்வர் லைன் பேருந்தில் ஏறி சவுத் ஸ்டேஷன் வந்து, அங்கே ரெட் லைன் மாறிக்கொள்ளலாம். விமான நிலையத்தில் ஏறுவதற்கு அந்தப் பேருந்தில் கட்டணம் கிடையாது. ரயில் நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் நின்று, அதிகாலையில்தான் மறுபடி ஓடும். இடைப்பட்ட நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் வாடகைக் கார்தான். நடுவில் கிளம்பக்கூடும் என்று நினைக்கிற நண்பருக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

காரைத் தவிர்க்க இன்னொரு காரணம் பனி. 2015 பிப்ரவரியில் பாஸ்டனில் 64 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது, ரயிலையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அப்படி எல்லா வருடமும் நடக்காது. ஆனால் நகராட்சி பனி அவசர நிலை அறிவித்துவிட்டால் தெருவில் வண்டி நிறுத்தக் கட்டுப்பாடு வந்துவிடும், மீறி நிறுத்திய வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் உள்ளே செவ்வாய்க் கிரகத்தில் இருக்கும்போது வெளியே உங்கள் வண்டி போய்க்கொண்டிருக்கும். காரைத் தவிர்க்க முக்கியமான மூன்றாவது காரணத்தைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 3: முந்தைய வாரம்

தூக்கத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்க முடியாது என்று நினைக்கிறோம். ஓரளவு முடியும். முந்தைய நான்கைந்து இரவுகள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியவர்கள் கண்விழிக்கும் இரவை மற்றவர்களைவிட நன்றாகத் தாங்குகிறார்கள். சனிக்கிழமை இரவு விருந்து, பார்ட்டி எதுவும் வேண்டாம். ஞாயிறு காலை அலாரம் வைக்காமல் எழுந்திருங்கள். நண்பகலில்தான் ஆரம்பம் என்பது பெரிய வசதி.

காப்பியைக் குறைக்க நினைப்பவர்கள் அந்த வாரம் குறைத்தால் பலன் தெரியும். தினமும் ஆறு கப் குடிக்கிற உடம்புக்கு அதிகாலை மூன்று மணிக் காப்பி வெறும் சுடுதண்ணீர்தான்.

படி 4: பை கட்டுவது

பிப்ரவரியில் பாஸ்டன் இரவுகள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும். ஆனால் தியேட்டருக்குள் பிரச்சினை அந்தக் குளிர் அல்ல. மதியம் ஆள் நிறைந்திருக்கும்போது புழுக்கமாக இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு, அறையின் வெப்பம் மாறாவிட்டாலும் உங்களுக்குக் குளிரும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் நம் உடம்பின் வெப்பநிலை ஒரு நாளிலேயே மிகக் குறைவாக இருக்கும். அதனால் தடிமனான ஒரே கோட்டைவிட, கழற்றிப் போடக்கூடிய மெல்லிய துணிகள் மூன்று நான்கு நல்லது. ஒரு சால்வை போதும், போர்வையாகவும் ஆகும், தலையணையாகவும் ஆகும்.

கழுத்துக்கு வைக்கும் வளைந்த தலையணை, காதடைப்பான், கண்மூடி இவை மூன்றும் விமானப் பயணத்துக்கு வாங்கி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். எடுத்துப் போடுங்கள். பல் துலக்கும் பிரஷ், மாற்றுக் காலுறை, மாற்றுச் சட்டை கட்டாயம். காலை ஆறு மணிக்குப் பல் துலக்கி, முகம் கழுவி, காலுறை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். பனியில் நனைந்த பூட்ஸோடு 24 மணி நேரம் இருக்க முடியாது என்பதால் உள்ளே போட ஒரு செருப்பு. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடியோடு வாருங்கள். வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், சத்தமில்லாமல் அதிரும்படி. சர்க்கரை நோயாளிகளும் வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருவதுதான் சரி. தூக்கமின்மை வலிப்பைத் தூண்டக்கூடியது, பழைய படங்களில் பளிச் பளிச்சென்று வெட்டும் வெளிச்சமும் நிறைய.

படி 5: சீட் பிடிப்பது

சாமர்வில் தியேட்டர் 1914-இல் கட்டியது. நாடகம், பாட்டு, வேடிக்கை நிகழ்ச்சிகளோடு படமும் காட்டிய காலம் அது. பெரிய அரங்கமும் பால்கனியுமாக இருக்கும். சாய்ந்து படுத்துக்கொள்ளும் இந்தக் கால மல்டிபிளெக்ஸ் சோபாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பழைய ஆட்கள் கதவு திறப்பதற்கு முன்பே வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்கு என்று வருடா வருடம் உட்காரும் இடங்கள் உண்டு. எழுதி வைத்த உரிமை எதுவும் கிடையாது, இருந்தாலும் ஒரு வரிசை முழுக்க ஒரே மாதிரி தொப்பி போட்டவர்கள் வருவதைப் பார்த்தால் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். இரவு மூன்று மணிக்கு அவர்களேதான் உங்களுக்கு பிஸ்கட் நீட்டுவார்கள்.

என் யோசனை: நடைபாதையை ஒட்டிய சீட்டுகள், நடுவுக்குச் சற்றுப் பின்னால். கால் நீட்டலாம், யாரையும் தாண்டாமல் எழுந்து போகலாம். முன்வரிசை வேண்டவே வேண்டாம், ஒரு படத்துக்குத் தாங்கும் கழுத்து பன்னிரண்டு படத்துக்குத் தாங்காது. பால்கனி தூங்குகிறவர்களுக்கு ஏற்றது. கத்திக் கலாட்டா செய்ய நினைப்பவர்களுக்குக் கீழ்த்தளம்.

படி 6: தூக்கப் பட்டியல்

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். படப் பட்டியல் வந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் மூன்று குறி போடுங்கள்: கட்டாயம் பார்க்க வேண்டியவை, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சரி என்பவை, ஏற்கெனவே பார்த்தவை. தூங்க வேண்டிய படம் அந்தக் கடைசி வகையிலிருந்து வர வேண்டும். ஏற்கெனவே பார்த்த படத்தில் கண்ணயர்ந்தால் நடுவில் முழித்தாலும் கதை எங்கே போகிறது என்று தெரியும், நிம்மதியாக மறுபடி தூங்கலாம்.

எப்போது தூங்குவது? நமக்குத் தூக்கம் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தை அழைக்கிறது. இது ஒன்று. உடம்புக்குள் ஓடும் 24 மணி நேரக் கடிகாரம் இரண்டாவது. அது அதிகாலை மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை நம்மைக் கீழே இழுக்கும். இரண்டும் ஒன்றுசேரும் அந்த நேரத்தில் யாரும் வீரம் காட்ட வேண்டாம். மராத்தானில் நிஜமான ஆபத்தான கட்டம் அதுதான். அங்கே ஒரு முழுப் படத்தைத் தூக்கத்துக்கு ஒதுக்குங்கள். தூக்கத்தின் ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம், பழைய படம் ஒன்றின் நீளமும் அவ்வளவுதான். படம் தொடங்கும்போது கண்ணை மூடி, முடிந்து விளக்கு போடும்போது எழுந்தால் கணக்குச் சரியாக வரும்.

அதற்கு முன்னால், இரவு எட்டு ஒன்பது மணி வாக்கில், 20 நிமிடக் குட்டித் தூக்கம் ஒன்று போடுங்கள். அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள், எழுப்பினால் எந்த ஊர் என்றே தெரியாது. எனவே குட்டித் தூக்கம் அல்லது முழுச் சுற்று. நடுவில் 45 நிமிடம் தூங்குவது எதிலும் சேராது.

காப்பியை இதோடு பொருத்திக்கொள்ளலாம். காஃபின் அந்த அடினோசினை மூளையில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. குடித்து இருபது முப்பது நிமிடம் கழித்துத்தான் வேலை காட்டும். ஆகவே காப்பியைக் குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள், எழும்போது இரண்டும் சேர்ந்து உதவும். ஆனால் குடித்ததில் பாதி ஐந்து ஆறு மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். அதிகாலைத் தூக்கத்துக்குக் குறி வைத்திருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் காப்பி வேண்டாம். தூங்கி எழுந்தபிறகு ஐந்து மணிக்கு அடுத்தது.

நண்பர்களோடு போவதன் பெரிய லாபம் இங்கேதான் வருகிறது. எல்லோரும் ஒரே படத்தில் தூங்காதீர்கள். இருவர் இருவராகப் பிரித்துக்கொண்டால், ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் இடைவேளையில் சொல்லிவிடலாம். அதிகாலை ஐந்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு நண்பர் சொல்லும் கதை அசல் படத்தைவிட நன்றாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. அந்த ரோபாட் கடைசியில் என்ன ஆனது என்று இன்றுவரை எங்கள் கூட்டத்தில் இரண்டு கட்சி.

குறட்டை பற்றியும் பேசியாக வேண்டும். குறட்டை விடுகிறவருக்கு இரண்டு பக்கமும் நம் ஆட்களே உட்கார வேண்டும். சத்தம் ஏறினால் தோளில் ஒரு தட்டு. அவர் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று முன்பே சத்தியம் செய்து கொடுக்க வேண்டும்.

படி 7: சாப்பாடு

தியேட்டரில் பாப்கார்ன் உண்டு, பீரும் ஒயினும்கூட உண்டு. மது தூக்கத்தைக் கொண்டுவரும், வந்த தூக்கத்தையும் கெடுக்கும். குடிப்பதானால் மாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டேவிஸ் சதுக்கத்தைச் சுற்றி உணவுக் கடைகள் நிறைய. ஆனால் நள்ளிரவுக்கு மேல் சதுக்கம் அடங்கிவிடும், அதுவும் ஞாயிறு இரவு. ஒரு நல்ல வேளைச் சாப்பாட்டை மாலை ஆறு ஏழு மணிக்குள் வெளியே போய் முடித்துவிடுங்கள், குளிர்க் காற்றும் பட்ட மாதிரி ஆகும். அதற்கு மேல் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டென்றால் சத்தமும் மணமும் இல்லாததாகக் கொண்டுபோங்கள். தயிர்சாதம் இதற்கென்றே பிறந்தது. வாழைப்பழம், வேர்க்கடலை, சப்பாத்தி ரோல், வெல்லம் போட்ட கடலை உருண்டை எல்லாம் நல்லது. முறுக்கு அருமையான பொருள்தான், ஆனால் விண்கலம் சத்தமில்லாமல் மிதக்கும் காட்சியில் கடித்துப் பாருங்கள், நான்கு வரிசை திரும்பும். பெருங்காயம் தூக்கலான பதார்த்தங்களை வீட்டிலேயே விட்டுவிடலாம். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். கழிவறைக்குப் போக வேண்டியிருக்கும், போகட்டும். ஒவ்வொரு படம் முடிந்ததும் எழுந்து படியேறி இறங்கி வருவதற்கு அது காரணமாகிறது. மணிக்கணக்காகக் காலை மடக்கி உட்கார்ந்தால் காலில் ரத்தம் தேங்கி வீங்கும், ரத்தக் கட்டி வரும் ஆபத்தும் கூடும். பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள்.

படி 8: எப்படிப் பார்ப்பது

இங்கே கூட்டம் பேசும். திரையைப் பார்த்துக் கிண்டலடிக்கும், கைதட்டும், தெரிந்த பெயர் திரையில் வந்தால் ஆரவாரிக்கும். சத்தமில்லாமல் படம் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாக இருக்கும், நம்மூரில் முதல் நாள் முதல் காட்சி பார்த்தவர்களுக்கு வீடு வந்து சேர்ந்தது போலிருக்கும். ஆனால் இதற்கும் ஒரு வரைமுறை உண்டு, யாரும் எழுதிப் போடாதது. 1950-களின் தட்டுத் தட்டாய்ப் பறக்கும் விண்கலங்களைக் கிண்டலடிக்கலாம். புதுப் படம் ஒன்றை அதன் இயக்குநரே வந்து அறிமுகப்படுத்துகிறார் என்றால் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். மௌனப் படத்துக்கு ஒருவர் நேரில் கீபோர்டு வாசிக்கிறார் என்றால் அவர் கையை நம்பித்தான் படமே இருக்கிறது, அங்கேயும் அமைதி. முதல்முறை போகிறவர்கள் முதல் இரண்டு படத்துக்குக் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். ஒரு வரியில் முடிகிற நக்கலுக்குத்தான் இங்கே மதிப்பு. நீட்டி முழக்கினால் பின்வரிசையே உங்களைக் கிண்டலடிக்கும்.

போன் வெளிச்சத்துக்கு மட்டும் மன்னிப்பே இல்லை. லேசர் விளக்கை வீட்டிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

இந்த தியேட்டரின் தனிச்சிறப்பு, இன்னும் பிலிம் புரொஜெக்டர்களை உயிரோடு வைத்திருப்பது. 35 மி.மீ., 70 மி.மீ. இரண்டுமே ஓட்டுவார்கள். மராத்தானில் எல்லாப் படமும் பிலிமில் வராது, டிஜிட்டலும் கலந்துதான் இருக்கும். பிலிம் வரும்போது தெரிந்துகொண்டு பார்த்தால் ரசனை கூடும். ஒரு படம் சிவப்பும் இளஞ்சிவப்புமாகத் தெரிந்தால் புரொஜெக்டரில் கோளாறு என்று புகார் சொல்லப் போகாதீர்கள். 1950-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை அச்சிட்ட பல வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயமும் மஞ்சள் சாயமும் காலப்போக்கில் மங்கி, மெஜந்தா என்ற இளஞ்சிவப்புச் சாயம் மட்டும் மிஞ்சிவிடும். நம்மூர் டூரிங் டாக்கீஸில் ஓடித் தேய்ந்த பிரதிகளும் இப்படித்தான் சிவந்தன.

தூக்கம் தள்ளும்போது ஒரு விளையாட்டு உண்டு. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதனால் இரண்டு புரொஜெக்டர்களை வைத்துக்கொண்டு ஒன்று முடியும் நொடியில் மற்றதற்கு மாறுவார்கள். ரீல் முடிய எட்டு நொடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், இரண்டாவது இயந்திரத்தை ஓடவிடச் சொல்லி ஆப்பரேட்டருக்கு அடையாளம் அது. கடைசி நொடியில் இன்னொரு புள்ளி, மாற்றிவிடு என்று. முதல் புள்ளியைக் கண்டதும் பக்கத்தில் இருப்பவரைத் தட்டி எட்டு வரை எண்ணுங்கள். இதைத் தெரிந்துகொண்டபின் நண்பர்கள் யாரும் ரீல் மாறும் நேரத்தில் தூங்குவதில்லை, கதை நடக்கும்போதுதான் தூங்குகிறார்கள்.

படி 9: மூன்றிலிருந்து ஆறு வரை

விழித்திருக்கும் முறை உங்களுடையது என்றால்: ஓரத்தில் எழுந்து நின்று பாருங்கள், பின்சுவரில் சாய்ந்து நிற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். சால்வையை எடுத்துவிடுங்கள், கதகதப்பு தூங்க வைக்கும். லாபிக்குப் போய் வெளிச்சத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். படம் போகிறதே என்று பார்க்காதீர்கள், இந்த நேரத்தில் ஓட்டுகிற படங்களுக்குப் பத்து நிமிடக் கதை குறைந்தால் ஒன்றும் ஆகாது. விசித்திரமான படங்கள் இந்த நேரத்துக்கு வருவதைக் கவனித்திருக்கிறேன். ஆறு மணிக்கு மேல் எதை நிஜமாகப் பார்த்தோம், எது கனவில் வந்தது என்ற சர்ச்சைக்கு இந்தப் படங்கள்தான் தீனி போடும்.

இந்த நேரத்தில் சண்டையும் வரும். காரணம் எதுவாகவும் இருக்கும்: யார் என் தண்ணீர் பாட்டிலை எடுத்தது, யார் காலை நீட்டியது. பதில் சொல்லாதீர்கள், ஒரு வாழைப்பழத்தைக் கொடுங்கள். ஏழு மணிக்கு எல்லாம் சரியாகிவிடும், ஏனென்றால் உடம்புக் கடிகாரம் அதற்குள் மேலே ஏறத் தொடங்கியிருக்கும். தூங்காதவருக்குக்கூட அப்போது திடீரென்று தெம்பு வந்த மாதிரி இருக்கும்.

படி 10: வெளியே வந்தபிறகு

அந்தத் தெம்பை நம்பி வண்டி ஓட்டக் கூடாது. காரைத் தவிர்க்க நான் சொன்ன மூன்றாவது காரணம் இதுதான். 24 மணி நேரம் தூங்காமல் இருப்பது, ரத்தத்தில் 0.10 விழுக்காடு மது இருப்பதற்குச் சமமான தடுமாற்றத்தைத் தரும் என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் சொல்கிறது. மாசசூசெட்ஸில் வண்டி ஓட்ட அனுமதித்த வரம்பு 0.08. நடுவில் ஒன்றரை மணி நேரம் தூங்கியவரும் தன்னைத் தெளிவானவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ரயிலில் ஏறுங்கள். எல்லோரும் ஒரே நிலையத்தில் இறங்குகிறவர்கள் இல்லை என்றால், முதலில் இறங்குகிறவரை எழுப்பும் பொறுப்பை யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள். ரெட் லைனின் கடைசி நிலையம் வரை போய்த் திரும்பியவர்கள் நம் கூட்டத்திலேயே உண்டு.

கண்கள் கூசும், பனி வெளிச்சத்தில் இன்னும் கூசும், குளிர் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் உட்கார்ந்ததும் பார்த்த படங்களின் பெயரை வரிசையாக எழுதி, பக்கத்திலேயே ஒரு வரிக் கருத்தும் எழுதிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை யாராவது கேட்டால் பாதிப் படம் ஞாபகத்தில் இருக்காது.

வீட்டுக்குப் போய் மாலை வரை தூங்கினால் இரவு தூக்கம் வராது. ஒன்றரை மணி நேரம், போனால் போகிறது மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு மறுபடி படுங்கள்.

பாஸ்டன் தூரம் என்பவர்களுக்கு வேறு இடங்களும் உண்டு. ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் மாணவர் திரைப்பட சங்கம் ஜனவரியில் நடத்தும் மராத்தானும் 1976-இல் தொடங்கியதுதான். அது வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு வரை போகும், முதல்முறைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லண்டனில் இருப்பவர்கள் லெஸ்டர் சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரின்ஸ் சார்லஸ் சினிமாவின் இரவுக் காட்சிகளைப் பாருங்கள். இரவு தொடங்கிக் காலையில் முடிந்துவிடும், பழகிக்கொள்ள நல்ல அளவு.

எங்கே போனாலும் மறுநாளுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பாஸ்டனில் திங்கள் விடுமுறை என்பதால் பலர் செவ்வாய்க்கிழமையைக் கணக்கில் எடுப்பதில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு மீட்டிங் இருந்தால் மதியத்துக்கு மாற்றச் சொல்லி வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள்.